செட்டிநாட்டு வீட்டில் மறதி நோய்: புதிதாகப் பராமரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று எண்பது வயதைத் தொட்ட ஓர் ஐயாவும் ஆச்சியும், காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒரு பணியாளரும் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். அந்த இருவரில் ஒருவருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்திருப்பது தெரியவரும்போது, அவரைக் கவனிக்கும் பொறுப்பு, யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலேயே, வீட்டிலுள்ள ஒருவரின் தலையில் வந்து விழுந்துவிடுகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் வயதான துணைவராகவோ, ஊரோடு தங்கிவிட்ட மகளாகவோ, மருமகளாகவோ இருக்கிறார். இந்தக் கட்டுரை அவருக்காகவும், தொலைவில் இருந்துகொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் அவருடைய உடன்பிறந்தாருக்காகவும் எழுதப்படுகிறது. பல ஆண்டுகள் நீளும் இந்த நோயைத் தனியொருவர் சுமக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. கோயில் காரியத்தையும், முன்னோருக்குப் படையலிடும் படைப்பையும், பொது வீட்டின் செலவையும் பங்காளிகள் முறை வைத்துப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. அதே முறையை நோயாளியின் பராமரிப்புக்கும், நோய் தெரிந்த முதல் மாதத்திலேயே, கொண்டுவந்துவிட வேண்டும்.

முதலில், இது மறதி நோய்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

தெரிந்தவரின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல், அரை மணி நேரம் கழித்து வருவது முதுமையின் இயல்பு. நாற்பது ஆண்டுகள் கைப்பழக்கமாக வெள்ளைப் பணியாரம் ஊற்றிய ஆச்சி, அரிசியையும் உளுந்தையும் முன்னால் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது இயல்பு அன்று. வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்ட ஐயா சில்லறை எண்ணத் தடுமாறுவதும், கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்பதும், பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பதும், சாந்தமானவர் சந்தேகக்காரராக மாறுவதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய மாற்றங்கள். 'வயசானா அப்படித்தான்' என்று தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் நோயாளி தம் விருப்பத்தைத் தாமே சொல்லக்கூடிய காலத்திலிருந்து கழிகிறது.

மருத்துவரிடம் போவதற்கு முன், ஒரு நோட்டில் என்ன மாற்றம், எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென்று வந்ததா என்று தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சில சளி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் முதியவர்களின் குழப்பத்தை அதிகமாக்கக்கூடியவை. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெல்லச் சேரும் இரத்தக்கட்டு, காது கேளாமை ஆகியவை மறதி நோயைப் போலவே தோன்றக்கூடும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுத்தவர்களுக்கும் பி12 குறைவது பரவலாகக் காணப்படுவதால், நம் பகுதியில் அந்த இரத்தப் பரிசோதனையைக் கட்டாயம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். மூளையின் ஸ்கேனையும் மருத்துவர் எழுதித் தருவார்.

பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், முதியோர் நல மருத்துவர் ஆகிய மூவரில் ஒருவர். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சற்றுத் தொலைவில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தவர்களுக்கு வசதி; பொன்னமராவதி, ராயவரம் பக்கத்தவர்கள் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போகலாம். பிள்ளைகள் சென்னையில் இருந்தால், கிண்டியில் 2024-ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையமும் இருக்கிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவே. டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் அன்று. மூளை செல்கள் அழிவதால் நினைவும் சிந்தனையும் நடத்தையும் குலையும் பல நோய்களுக்கான பொதுப்பெயர். 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த அல்சைமர் நோயே அவற்றில் பெரும்பான்மை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் நூற்றுக்கு 60 முதல் 70 வரை. மூளையின் இரத்தக்குழாய் அடைப்பால் வருவது அடுத்தது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. உங்கள் வீட்டில் மட்டும் நடந்துவிட்ட ஏதோ ஒன்று என்று மறைத்து வைக்கத் தேவையில்லை. டோனிபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும்; நோயை நிறுத்துவதில்லை. முழுமையாகக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யும் எவரிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, குறிப்பாக இரத்தக்குழாய் அடைப்பால் வந்த மறதியில், பெரிய உதவி. அதற்கான மாத்திரைகளை 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ஒன்றை மட்டும் எப்போதும் நினைவில் வையுங்கள். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகர்வது. நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினாலோ, இல்லாதவர்களைப் பார்த்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவு, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து ஆகியவற்றில் ஒன்றால் வந்த உடல்நலக்கேடாக இருக்கும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாய் கோணினாலோ ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ நேரம் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

குடும்பம் கூடி முறையை எழுதிக்கொள்ளுங்கள்

நோய் உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, உடன்பிறந்தார் அனைவரும் ஒன்றாகப் பேசுவது. பிள்ளையார் நோன்புக்கோ படைப்புக்கோ ஊருக்கு வரும் நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். வர முடியாதவர்கள் காணொலியில் சேரட்டும். நோயாளி தொடக்க நிலையில் இருந்தால் அவரையும் உட்கார வைத்தே பேச வேண்டும். அவரைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு அவருடைய வாழ்க்கையை முடிவு செய்வது முறையாகாது.

திருமணத்துக்கே இசைகுடிமானம் என்னும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடும் சமூகத்தில், யார் எதைப் பார்ப்பது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வதை அவமதிப்பாக நினைக்க வேண்டாம். உடனிருந்து கவனிப்பவர் யார், அவருக்கு வாரத்தில் எந்த நாள் முழு ஓய்வு, அந்த நாளில் யார் வந்து இருப்பது, இரவில் யார் பார்ப்பது, மாதச் செலவு எவ்வளவு, அதில் யார் பங்கு எவ்வளவு, மருத்துவரிடம் யார் அழைத்துப் போவது, அவசரத்தில் முடிவெடுப்பது யார் என்பவை அந்த நோட்டில் இருக்க வேண்டும். மருமகளே கவனிப்பவராக இருந்தால், மகன் என்ன செய்கிறார் என்பதும் எழுதப்பட வேண்டும்; அவர் வேலையைச் சுட்டிக்காட்டி விலகிக்கொள்ள, அவருடைய ஆத்தாளைக் குளிப்பாட்டும் வேலை முழுவதும் மனைவிக்குப் போய்ச் சேருவதை நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கக்கூடாது, பணம் அனுப்பாமல் ஆலோசனை மட்டும் அனுப்புவதும் கூடாது. அவர்கள் தொலைவிலிருந்தே செய்யக்கூடியவை பல. மாத்திரை தீரும் தேதியைக் கணக்கு வைத்து வாங்கி அனுப்பலாம். மின்கட்டணம், வரி, வங்கி வேலைகளை ஏற்கலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் காணொலியில் வந்து அரை மணி நேரம் பேசலாம், அந்த அரை மணி நேரத்தில் கவனிப்பவர் குளித்துச் சாப்பிட்டுக்கொள்வார். ஆண்டுக்கு ஒரு முறை வரும் விடுமுறையில் இரண்டு வாரமாவது முழுப் பொறுப்பையும் தாமே ஏற்று, கவனிப்பவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பலாம்.

ஒரு நாள் வந்து பார்க்கும் உறவினர்கள், 'நல்லாத்தானே பேசுறாக, நீ என்னமோ பெருசாச் சொன்னே' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். விருந்தினர் முன்னால் சில மணி நேரம் தம்மைத் திரட்டிக்கொண்டு இயல்பாகப் பேசுவது இந்நோயாளிகள் பலரிடம் காணப்படும் தன்மை. அவர்கள் போனதும் களைத்து, குழப்பம் கூடிவிடும். அப்படிச் சொல்பவர்களிடம் வாதாட வேண்டாம். இரண்டு இரவு தங்கிப் பார்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். மூன்றாம் நாள் அவர்களே உங்கள் பக்கம் பேசுவார்கள்.

வீட்டை மாற்றியமைத்தல்

நகரத்து அடுக்ககத்தில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. முகப்பு, பட்டாலை, வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளும் வீட்டில் நோயாளி எங்கே இருக்கிறார் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும். எனவே முழு வீட்டையும் பாதுகாப்பாக்க முயலாமல், அவர் புழங்கும் பகுதியைச் சுருக்குங்கள். வெளிச்சமும் காற்றும் உள்ள ஓர் அறை, அதை ஒட்டிய குளியலறை, உட்கார்ந்து தெருவையோ முற்றத்தையோ பார்க்க ஓர் இடம், இவை போதும். மாடிப்படியையும் பயன்படாத அறைகளையும் பூட்டிவிடுங்கள். அவருடைய அறையை மாற்ற வேண்டியிருந்தால் நோயின் தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றினால் புது இடத்தைப் பழகிக்கொள்ள அவரால் முடியாது.

தரை நம் வீடுகளின் பெருமை. மறதி நோய் உள்ளவருக்கு அதுவே இடறல். மூளை காட்சியைப் புரிந்துகொள்ளும் விதம் மாறிவிடுவதால், ஆத்தங்குடிக் கல்லின் கறுப்புப் பூவேலை அவருக்குக் குழியாகவும், பளபளப்பு தண்ணீர் தேங்கியது போலவும் தோன்றக்கூடும். ஓரிடத்தில் வந்ததும் நின்றுவிடுவதையோ, ஒரு கட்டத்தைத் தாண்டக் காலைத் தூக்கி வைப்பதையோ பார்த்தால், பிடிவாதம் என்று நினைக்காமல் தரையைப் பாருங்கள். அவர் நடக்கும் வழியில் வழுக்காத, ஒரே நிறமுள்ள விரிப்பை ஓரம் தூக்காதபடி ஒட்டி விரிக்கலாம். சின்னச் சின்ன மிதியடிகளை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தேய்த்த காலோடு அந்தத் தரையில் நடக்கவே விடக்கூடாது. நிலைவாசல்களின் உயர்ந்த படிகளுக்கும், தாழ்வாரமான பத்தியிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படிக்கும் பளிச்சென்று தெரியும் வண்ணப்பட்டை ஒட்டுங்கள். இரு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வையுங்கள். தரையில் புரளும் வேட்டிக்கும் புடவைக்கும் பதிலாக, ஒட்டுப்பட்டை வைத்த வேட்டியையும், சற்றே உயர்த்திக் கட்டிய இலேசான பருத்திப் புடவையையும் பழக்குவது விழுவதைக் குறைக்கும்.

வளவைச் சுற்றி மாட்டியிருக்கும் முன்னோர் படங்களும் பெரிய பெல்ஜியம் கண்ணாடிகளும் மாலை நேரத்தில் சிலரைப் பயமுறுத்துகின்றன. கண்ணாடியில் தெரியும் முதியவரைத் தாம் என்று அறியாமல், வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டதாக அலறுவார்கள். ஒரு துணியால் கண்ணாடியை மூடிவிட்டால் அன்றே அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பெரிய வீட்டில் பொழுது சாயும்போது இருள் வேகமாக வந்துவிடுவதால், விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே அவர் இருக்கும் இடத்தில் நல்ல வெளிச்சம் போடுங்கள். அந்தி நேரத்தில் கூடும் பதற்றம் இதனால் ஓரளவு தணியும்.

அறைக் கதவுகளின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். பர்மாத் தேக்குக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டவரை வெளியே கொண்டுவருவது எளிதன்று. கொல்லைக் கிணற்றுக்குக் கம்பி மூடி போடுங்கள். எரிவாயுவை ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் சிலிண்டரிலேயே மூடுங்கள். சாமி அறையில் விளக்கேற்றும் பழக்கத்தை நிறுத்த வேண்டாம், ஆனால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நம் வீடுகளில் கழிப்பறை கடைசிக் கட்டில் இருப்பது பெரிய குறை. இரவில் அவ்வளவு தூரம் நடக்க வைக்க முடியாது. அறைக்கு அருகிலேயே உட்காரும் வகைக் கழிப்பறை கட்டுவதற்குச் செய்யும் செலவு, இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவைச் சிகிச்சையைவிடக் குறைவு. அதுவரை கட்டிலுக்குப் பக்கத்தில் கழிப்பறை நாற்காலி வைக்கலாம். பங்காளிகளுக்குப் பொதுவான வீடு என்றால், சுவரில் கைப்பிடி பதிப்பதற்கும் அறை கட்டுவதற்கும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

வெளியே போய்விடுவது மிகப்பெரிய ஆபத்து. செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் ஊருணி இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தெருக்கதவு, கொல்லைக்கதவு இரண்டிலும் திறந்தால் ஒலிக்கும் மணி வையுங்கள். அவருடைய கையில் பெயரும் உங்கள் கைப்பேசி எண்ணும் பொறித்த காப்பு இருக்கட்டும். எதிர்வீடு, முனைக்கடை, ஆட்டோ நிறுத்தம், கோயில் வாசல் எல்லாவற்றிலும், 'எங்க ஆச்சிக்கு ஞாபகம் தவறிடுச்சு, தனியா வந்தா உடனே கூப்பிடுங்க' என்று வெட்கப்படாமல் சொல்லி வையுங்கள். காணாமல் போனால் முதலில் ஊருணிக்கும் கிணற்றடிக்கும் ஆள் அனுப்புங்கள். பிறகு கோயில், பழைய வீடு, பிறந்த வீட்டுக்குப் போகும் பாதை ஆகியவற்றைத் தேடுங்கள். கால் மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டால் 112-ஐ அழையுங்கள். போய்விடுவார் என்ற அச்சத்தில் அவரைத் தனியே பூட்டிவிட்டு வெளியே செல்வதை மட்டும் எக்காரணத்தாலும் செய்யாதீர்கள்.

பேசும் முறை

இந்நோயில் அண்மை நினைவு முதலில் போகிறது, பழைய நினைவு நெடுங்காலம் நிற்கிறது. இன்று தொண்ணூறை நெருங்கும் சிலரின் பிள்ளைப் பருவத்தில் தகப்பனார் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்தார். 1942-ல் பர்மாவை ஜப்பானியர் பிடித்தபோது வழிநடையாகத் திரும்பியவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. 'அப்பச்சி கப்பல்ல வந்துட்டாகளா?' என்று தொண்ணூறு வயது ஆச்சி கேட்கும்போது, அவருடைய தகப்பனார் இறந்து ஐம்பது ஆண்டாயிற்று என்று திருத்தினால், அந்தச் சாவை அவர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார், அழுகிறார், பிறகு மறந்துவிட்டு மீண்டும் கேட்கிறார். ஒரே நாளில் ஒருவரை நான்கு முறை துக்கத்தில் ஆழ்த்துவதில் எந்த நேர்மையும் இல்லை. 'அப்பச்சி வரும்போது என்ன வாங்கிட்டு வருவாக?' என்று கேளுங்கள். அவர் தகரப்பெட்டியைப் பற்றியும் பீங்கானைப் பற்றியும் பேசத் தொடங்குவார், தேடல் அடங்கிவிடும். 'வீட்டுக்குப் போகணும்' என்று தம் வீட்டிலேயே இருந்துகொண்டு கேட்பவருக்கும் இதே வழிதான். இதுதான் உங்கள் வீடு என்று நிரூபிக்க முயலாமல், சற்று நேரம் உடன் நடந்து, பிறந்த வீட்டைப் பற்றிப் பேச வைத்து, காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று அழைத்து வாருங்கள்.

நேர் எதிரே வந்து, முகம் தெரிய உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள். 'நினைவிருக்கா? நான் யாரு சொல்லுங்க பாப்போம்' என்று வருவோர் போவோர் எல்லாம் பரீட்சை வைப்பதைத் தடுங்கள். அதைவிட அவமானம் தருவது எதுவும் இல்லை. வருபவரே, 'அயித்தை, நான் தேவகோட்டையிலேர்ந்து உங்க அண்ணன் மகன் வந்திருக்கேன்' என்று சொல்லிக்கொண்டு வரட்டும். மரியாதைச் சொல் எந்நிலையிலும் குறையக்கூடாது. உங்களைத் தம்முடைய ஆத்தா என்று நினைத்து அழைத்தால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

நகை காணோம் என்ற குற்றச்சாட்டு ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒரு நாள் எழுகிறது. மருமகள் மீதோ வேலைக்கு வருபவர் மீதோ விழுகிறது. வைத்த இடம் மறந்துபோன மூளை, அந்த வெற்றிடத்தைத் திருட்டால் நிரப்பிக்கொள்கிறது. இதற்கு முன்னேற்பாடு செய்யலாம். நகைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் உடன்பிறந்தார் முன்னிலையில் படமெடுத்து, எடையோடு பட்டியலிட்டு, வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். அவர் கையில் பழகிய சாவிக்கொத்தும், விலை குறைந்த ஒரு சங்கிலியும், கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும். குற்றம் சாட்டும்போது மறுத்து வாதாடாமல், சேர்ந்து தேடுங்கள். பணியாளர் மீது பழி விழுந்தால், அவர் எடுக்கவில்லை என்று மற்றவர்கள் அறியச் சொல்லி அவருடைய மானத்தைக் காப்பது வீட்டாரின் கடமை. கழிப்பறைக்கு அழைத்துப் போவது, ஊட்டுவது, இரவில் விழித்திருப்பது ஆகியவை வீட்டுவேலையின் நீட்சி அல்ல. அவற்றுக்குத் தனிச் சம்பளமும் வார விடுமுறையும் கொடுக்க வேண்டும், அவருக்கும் இந்த நோயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும்.

அடிப்பது, கத்துவது, இரவெல்லாம் உலவுவது ஆகியவை வந்தால், முதலில் வலி, பசி, மலச்சிக்கல், சிறுநீர் முட்டல், வெப்பம், சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவரால் சொல்ல முடியாததை உடல் அப்படிச் சொல்கிறது. அமைதிப்படுத்தும் மாத்திரைகள் சில, மறதி நோயாளிகளுக்குப் பக்கவாத அபாயத்தையும் இறப்பு அபாயத்தையும் கூட்டுபவை. மருத்துவர் தரும்போது எதற்காக, எத்தனை நாளுக்கு, எப்போது நிறுத்துவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அன்றாடம்

எழுவதும் குளிப்பதும் உண்பதும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கட்டும். பழகிய கைவேலை நீண்ட காலம் மறப்பதில்லை. கொட்டான் பின்னிய கைக்கு ஓலையையும், கணக்கெழுதிய கைக்கு நோட்டையும் பேனாவையும் கொடுங்கள். பூத் தொடுப்பது, கீரை ஆய்வது, துணி மடிப்பது எதுவானாலும் சரி, முடிந்த வேலை செம்மையாக இல்லை என்று திரும்பச் செய்வதை அவர் பார்க்கக்கூடாது. சிறு வயதில் கேட்ட தாலாட்டும் பக்திப் பாடல்களும், பேச்சு குறைந்த பிறகும் நாவில் நிற்பதுண்டு. எண்பதாம் ஆண்டுச் சாந்தி போன்ற பெரிய விழாக்களில் கூட்டமும் மேளமும் அவரைக் கலங்கடிக்கும். சடங்கைச் சுருக்கி, அமைதியான ஓர் அறையை ஒதுக்கி, இரண்டு மணி நேரத்தில் அழைத்து வந்துவிடுங்கள்.

குளிக்க மறுத்தால் அன்றைக்கு விட்டுவிட்டு, மறுநாள் அவர் வழக்கமாகக் குளித்த நேரத்தில் முயலுங்கள். வெந்நீரை உடம்பில் ஊற்றுவதற்கு முன் கையில் ஊற்றிக் காட்டுங்கள். ஒரு துண்டால் போர்த்தியபடியே குளிப்பாட்டலாம்.

சாப்பாட்டில், தட்டு ஒரே நிறமாகவும் சோற்றிலிருந்து வேறுபட்டும் இருந்தால் உணவு கண்ணுக்குத் தெரியும். வெள்ளைத் தட்டில் இடியாப்பமும் வெள்ளைப் பணியாரமும் தெரிவதில்லை. வாழையிலை நல்லது. ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுங்கள். நோய் முற்றும்போது விழுங்குவது கடினமாகும். அப்போது ஒட்டும் தன்மையுள்ள கவுனி அரிசி, உதிரும் சீப்புச் சீடை, மனகோலம் போன்றவற்றை நிறுத்திவிட்டு, குழைந்த இடியாப்பம், கஞ்சி, மென்மையான கும்மாயம் போன்றவற்றுக்கு மாறுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னக் கரண்டியால், முந்தைய வாய் உணவை விழுங்கியதை உறுதி செய்துகொண்டு அடுத்ததைக் கொடுங்கள். உண்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி இருமல் வந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகிறது என்று பொருளாகலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பத்திரங்களும் பணமும்

இந்த வேலையை நோயின் முதல் ஆண்டில் முடித்துவிட வேண்டும், ஏனெனில் பிறகு சட்டம் இடம் தராது. பலர் ஒரு பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் தெளிந்த மனநிலையை இழந்துவிட்டால் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. எனவே உயில், வங்கிக் கணக்கில் கூட்டுப்பெயர், நியமனதாரர், பெட்டகத்தில் இரண்டாவது பெயர், வீட்டுப் பங்கின் ஆவணங்கள் ஆகியவற்றை அவர் புரிந்து கையெழுத்திடக்கூடிய காலத்திலேயே சரிசெய்யுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அன்றைய தேதியில் அவர் தெளிவோடு இருந்தார் என்ற மருத்துவரின் சான்றையும் இணைத்துவிட்டால் பிற்காலத்தில் பங்காளிகளிடையே வழக்கு எழுவது குறையும். காலம் கடந்துவிட்டிருந்தால், சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கக் கோரி நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். நம் மாவட்டங்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டவை. கைரேகையை வாங்கிக்கொண்டு காரியத்தை முடிக்கும் குறுக்குவழி அவருக்கும் நல்லதன்று, வாங்குபவருக்கும் நல்லதன்று.

பணத்தோடு சேர்த்து, இன்னொன்றையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இறுதிக் காலத்தில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எங்கே இருக்க விரும்புகிறார் என்று கேட்பது கடினமாகத் தோன்றலாம். ஆனால் மூத்தவர்கள் பலர் நாம் நினைப்பதைவிடத் தெளிவாக இதற்கு விடை சொல்லிவிடுகிறார்கள்.

கவனிப்பவரைக் கவனித்தல்

கவனிப்பவர் தூக்கம் கெட்டு, தம் மாத்திரையை மறந்து, முதுகுவலியோடு, யாரிடமும் பேசாமல் சுருங்கிப்போவது மெல்ல நடப்பதால் வெளியே தெரிவதில்லை. பராமரிப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது மிகுதி என்பது உலகெங்கும் காணப்பட்ட உண்மை. பெரியவரிடம் எரிந்து விழுவது, காரணமின்றி அழுகை வருவது, 'இது எப்போது முடியும்' என்ற எண்ணம் எழுவது ஆகியவை கெட்ட மனத்தின் அடையாளங்கள் அல்ல. களைப்பு எல்லை கடந்துவிட்டது என்பதற்கான அறிகுறிகள். அந்த எண்ணம் வந்ததற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றி, எந்த நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும். 14567 முதியோருக்கான தேசிய உதவி எண். 1992-ல் தொடங்கிய இந்திய அல்சைமர் மற்றும் சார்நோய்கள் சங்கமும், சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்னும் மனநலத் தொண்டு நிறுவனமும் குடும்பத்தாருக்கு வழிகாட்டுகின்றன.

எண்பது வயது ஐயா எழுபத்தெட்டு வயது ஆச்சியைத் தனியே பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 'நான் பாத்துக்குறேன், நீ ஏன் அலையுறே' என்று அவர் தொலைபேசியில் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். அவருடைய எடை குறைகிறதா, சட்டை கசங்கியிருக்கிறதா, அடுப்படி புழங்கியிருக்கிறதா என்று நேரில் வந்து பாருங்கள். அவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் ஓய்வு என்று நோட்டில் எழுதியது நடக்கிறதா என்று தூரத்தில் இருப்பவரே கேட்க வேண்டும். கவனிப்பவர் தாமாகக் கேட்கமாட்டார். அவர் விரும்பினால் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றியும் பேசலாம். கடைசி வழியாக அதைத் தேர்ந்தெடுத்த குடும்பத்தை ஊர் பழிக்கக்கூடாது. சேர்க்கும் முன், இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர், கட்டிப்போடும் வழக்கம் உண்டா, நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாமா என்ற மூன்றையும் நேரில் விசாரியுங்கள்.

படுக்கையில் விழுந்த பிறகு

நடை நின்று, பேச்சு நின்று, விழுங்குவதும் குறைந்த நிலையில் படுக்கைப்புண் வராமல் காப்பது தலையான வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்து, காற்றுமெத்தை போட்டு, தோலை உலர்வாக வைத்திருங்கள். மூக்கில் குழாய் போட்டு உணவு கொடுக்கலாமா என்ற கேள்வி இப்போது வரும். முற்றிய மறதி நோயில் குழாய் உணவு ஆயுளை நீட்டுவதாகவோ நுரையீரல் தொற்றைத் தடுப்பதாகவோ நிறுவப்படவில்லை. அதனால் முதியோர் நல வல்லுநர்கள் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறார்கள். பசியும் தாகமும் உடல் அடங்கும்போது தாமாகக் குறைகின்றன. உதட்டை நனைத்து வைப்பதும், வலிக்கு மருந்து கொடுப்பதும், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அப்போது உண்மையான சிகிச்சை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவதுண்டு. உங்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

பெரியவர் மறைந்து காரியங்கள் முடிந்ததும் உறவினர்கள் கலைந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் இரவில் விழித்துப் பழகிய ஒருவர் அந்தப் பெரிய வீட்டில் தனியே எஞ்சுகிறார். தூக்கம் உடனே திரும்பாது, நாளை எப்படி நிரப்புவது என்றும் தெரியாது. எனவே குடும்ப நோட்டில் எழுதிய முறையை அன்றோடு மூடிவிடாமல், அடுத்த ஆறு மாதத்துக்கு வாரம் ஒருவர் அவரை வந்து பார்ப்பது, அழைப்பது, மருத்துவரிடம் ஒரு முழுப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.